கான்ஸ்டிடியூஷன் பேப்பரில் ஒரு ராஜபாளையத்துக்காரர்

கிரெடிட்டே இல்லாத, ஆனா பாஸ் பண்ணியே ஆகணும்னு ஒரு இந்திய அரசியலமைப்பு பேப்பர் வருமே, ஞாபகம் இருக்கா? அதுல வர்ற ஆரம்ப கால வழக்குகளோட பெயரை மட்டும் பாருங்க. ஏ.கே. கோபாலன் எதிர் சென்னை மாநிலம். ரொமேஷ் தாப்பர் எதிர் சென்னை மாநிலம். சென்னை மாநிலம் எதிர் செண்பகம் துரைராஜன். மூணுலயும் சென்னை மாநிலம். மூணு வழக்கும் உச்ச நீதிமன்றத்தில் நடந்தப்போ அந்த மாநிலத்தின் முதலமைச்சர், பூ.ச. குமாரசுவாமி ராஜா. ஊர் ராஜபாளையம். ஊர்ப் பேரைச் சொன்னதும் நாய் ஞாபகம் வருதுன்னா, இவரைப் பத்தியும் கொஞ்சம் தெரிஞ்சுக்கங்க.

1898-ல் பிறந்தவர். சின்ன வயசிலேயே அப்பா அம்மா ரெண்டு பேரையும் இழந்து பாட்டியிடம் வளர்ந்தார். காங்கிரஸ், சிறை, 1934-ல் டெல்லியில் மத்திய சட்டசபை. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் விலகியதும் 1949 ஏப்ரல் 6-ல் சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனார். ஆமா, அப்போ மாகாணத் தலைவருக்கே 'பிரதமர்'னுதான் பேர். 1950 ஜனவரி 26-ல் அரசியலமைப்பு அமலுக்கு வந்ததும் அதே ஆள், அதே நாற்காலி, பதவிப் பேர் மட்டும் 'முதலமைச்சர்'.

பேர் மாறுவது சுலபம். பழைய அதிகாரங்களைப் புதுச் சட்டத்துக்குள்ள அடக்குறதுதான் பெரிய தலைவலி. குடியரசாகி 16 நாள்தான் ஆகியிருந்தது. பிப்ரவரி 11-ல் சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் இறந்தாங்க. கம்யூனிஸ்ட் தலைவர் கோபாலன் விசாரணை இல்லாமலேயே சிறையில் இருந்தார். பம்பாயிலிருந்து வந்த தாப்பரோட 'கிராஸ் ரோட்ஸ்' வார இதழ் மாநிலத்துக்குள்ளேயே வரக்கூடாதுன்னு அரசு தடை போட்டது. கோபாலன் வழக்கில் தடுப்புக்காவல் சட்டம் ஒரு பிரிவை மட்டும் இழந்து தப்பிச்சது. தாப்பர் ஜெயிச்சார். எனக்கு நெருடுறது இதுதான்: வெள்ளைக்காரன் ஆட்சியில் ஜெயிலுக்குப் போனவங்களோட அரசாங்கமே இதையெல்லாம் செஞ்சது.

மூணாவது வழக்கு நேரா நம்ம விஷயம். ராஜா அரசுக்கு நீதிக்கட்சிக் காலத்து வகுப்புவாரி உத்தரவு கைமாறி வந்திருந்தது. மருத்துவம், பொறியியல் கல்லூரிகளில் 14 இடம் இருந்தா பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியரும் கிறிஸ்தவரும் சேர்ந்து 1, முஸ்லிம்களுக்கு 1. செண்பகம் கேட்டது மருத்துவ சீட். கூடவே வழக்குப் போட்ட சீனிவாசன் கேட்டது இன்ஜினியரிங் சீட்! 1951 ஏப்ரல் 9-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவு செல்லாதுன்னு சொல்லிடுச்சு. தமிழகம் ஏற்கெனவே கொதிச்சுக்கிட்டு இருந்தது; பெரியாரும் தி.மு.க.வும் தெருவில் இறங்கியிருந்தாங்க. ஜூன் மாசமே முதல் அரசியலமைப்புத் திருத்தம் வந்து 15(4) பிரிவு சேர்ந்தது. கவுன்சலிங்ல நீங்க தேடிப் பார்த்த கம்யூனிட்டி ரேங்குக்குப் பின்னாடி ராஜா அரசு தோற்ற இந்த வழக்கு இருக்கு. ஜெயிச்சிருந்தா அந்தத் திருத்தத்துக்கு இவ்வளவு அவசரம் வந்திருக்குமான்னு தெரியல.

நடுவுல ஒரு சின்ன விஷயம். உங்க பிளஸ் டூ மார்க் ஷீட்டில் இருக்கும் கோபுர முத்திரையும் 1949-ல் வந்ததுதான். அது பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம்னு நாங்க சொல்வோம். மதுரைக்காரங்க அவங்க மேலக் கோபுரம்னு சண்டைக்கு வருவாங்க. வரட்டும்.

ஆட்சி மாறும் நேரத்தில் நிர்வாகத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்ன ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு. நெப்போலியனிடம் தோற்ற பிரஷ்யாவில், சுரங்கத் துறை அதிகாரியா வேலையைத் தொடங்கிய ஸ்டைன் பிரபு 1807-ல் அமைச்சராகிப் பண்ணையடிமை முறையை ஒழிக்க ஆணை கொண்டுவந்தார். அடுத்த வருஷமே நெப்போலியன் அழுத்தத்தில் பதவி போச்சு. ராஜாவை இறக்க நெப்போலியன் தேவைப்படல, வாக்குச்சீட்டே போதுமா இருந்தது. 1952 பொதுத்தேர்தலில் 375 இடத்தில் காங்கிரஸுக்குக் கிடைச்சது 152. முதலமைச்சரே தோத்துட்டார். ராஜாஜி வந்தார்.

1954-லிருந்து 1956 வரை ஒடிசா ஆளுநர். 1957-ல் காலமானார். ராஜபாளையத்தில் அவர் வாழ்ந்த வீட்டைக் கலைக்காக எழுதிக் கொடுத்துட்டார். அதுதான் காந்தி கலை மன்றம்.