கடைசி பெஞ்சுக்கு விடை கொடுக்கும் கேரளப் பள்ளிகள்: இருக்கையை மாற்றினால் வகுப்பறை மாறுமா?

கொல்லம்: காலை மணி அடித்ததும் வகுப்பறைக்குள் நுழையும் மாணவர்கள், யாரும் சொல்லாமலே தத்தம் இடங்களுக்குச் சென்று அமர்ந்துவிடுகின்றனர். நன்றாகப் படிப்பவர்களும் உயரம் குறைந்தவர்களும் முன்வரிசையில் இருப்பர். ஆசிரியரின் கேள்விக்கு அஞ்சுபவர்கள் கடைசி பெஞ்சைத் தேடிச் செல்வர். நாட்டின் பெரும்பாலான சிற்றூர்ப் பள்ளிகளில் பல தலைமுறைகளாக மாறாத காட்சி இது. கேரள மாநிலம் கொல்லம் மாவட்டத்தில், எம்.சி. சாலையை ஒட்டியுள்ள வாளகம் என்ற சிற்றூரின் பள்ளி ஒன்று இந்த வழக்கத்தை மாற்றிப் பார்த்தது. அங்கு தொடங்கிய முயற்சி 2025-ஆம் ஆண்டில் பல மாநிலங்களின் கவனத்தை ஈர்த்தது. அந்த முயற்சி என்ன, அதனால் விளையும் நன்மை எது, உயர்நிலைப் பள்ளி வகுப்புகளில் அது சாத்தியமா என்பதை இத்தொகுப்பில் காண்போம்.

திரைப்படம் தந்த யோசனை

இந்த மாற்றத்தின் பின்னணியில் ஒரு மலையாளத் திரைப்படம் உள்ளது. வினேஷ் விஸ்வநாத் இயக்கத்தில் 2024 நவம்பரில் வெளியான 'ஸ்தானார்த்தி ஸ்ரீக்குட்டன்' என்ற அப்படம், ஏழாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் அமரும் ஒரு சிறுவன், வகுப்பின் முதல் மாணவனை எதிர்த்துப் பள்ளித் தேர்தலில் நிற்பதைச் சொல்கிறது. 'ஸ்தானார்த்தி' என்ற மலையாளச் சொல்லுக்கு வேட்பாளர் என்று பொருள். வகுப்பறையின் சுவர்களை ஒட்டி ஒரே வரிசையில் அனைவரும் அமர்ந்தால் கடைசி பெஞ்ச் என்ற ஒன்றே இருக்காது என்ற யோசனை அப்படத்தில் இடம்பெற்றது.

வாளகத்தில் உள்ள ராமவிலாசம் தொழிற்கல்வி மேல்நிலைப் பள்ளி, படம் திரைக்கு வருவதற்கு முன்பே அந்த யோசனையைச் செயல்படுத்தத் தொடங்கியது. 2025-ல் மாநிலப் போக்குவரத்துத் துறை அமைச்சராக இருந்த கே.பி. கணேஷ் குமாரின் குடும்பத்தினர் நிர்வகிக்கும் பள்ளி இது. படத்தை முன்கூட்டியே பார்த்த அவர், இதை ஆசிரியர்களிடம் எடுத்துச் சொன்னார். முதலில் ஒரு வகுப்பில் சோதித்துப் பார்த்த பள்ளி, பின்னர் தொடக்கப் பிரிவின் மற்ற வகுப்புகளுக்கும் அதை விரிவுபடுத்தியது. 2025 ஜூன் மாதம் படம் ஓடிடி தளத்தில் வெளியான பிறகு, கேரளத்தின் வேறு சில பள்ளிகளும் இதே முறைக்கு மாறின.

வரிசை முறையில் என்ன குறை?

ஆசிரியர் கரும்பலகை அருகே நின்று பேச, மாணவர்கள் ஒருவர் பின் ஒருவராக அமர்ந்து கேட்பதே வழக்கமான முறை. இதில் ஆசிரியரின் பார்வை எல்லா மாணவர்கள் மீதும் சமமாக விழுவதில்லை. வகுப்பறை உரையாடல்களை ஆராய்ந்த ஆடம்ஸ், பிடில் ஆகிய இரு கல்வியாளர்கள், 1970-ஆம் ஆண்டிலேயே இதைச் சுட்டிக்காட்டினர். முன்வரிசையிலும் அறையின் நடுப்பகுதியிலும் அமர்ந்திருப்பவர்களிடமே பெரும்பாலான கேள்வி பதில்கள் நடைபெறுகின்றன என்பது அவர்களின் முடிவு. ஓரங்களிலும் பின்வரிசையிலும் இருப்பவர்கள் பெரும்பாலும் பார்வையாளர்களாகவே இருந்துவிடுகின்றனர்.

ஜெர்மனியில் நான்காம் வகுப்பு மாணவர்களிடம் நடத்தப்பட்டு 1999-ல் வெளியான ஆய்வு ஒன்றும் இதற்கு வலு சேர்க்கிறது. அரைவட்டமாக அமர்ந்தபோது, வரிசையாக அமர்ந்ததைவிட மாணவர்கள் அதிகக் கேள்விகளைக் கேட்டனர் என்பதை அந்த ஆய்வு கண்டறிந்தது. ஆனால், எல்லாப் பணிகளுக்கும் அரைவட்டமே சிறந்தது என்று ஆய்வுகள் கூறவில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2008-ல் வெளியான ஒரு மதிப்பீடு, தனித்தனியாக எழுதும் பணிகளுக்கு வரிசை முறையே பொருத்தம் என்றும், செய்யும் வேலைக்கு ஏற்ப இருக்கையை அமைப்பதே சரி என்றும் தெரிவிக்கிறது.

உயர்நிலை வகுப்புகளில் ஏன் முக்கியம்?

கேரளத்தில் 8, 9, 10-ஆம் வகுப்புகள் உயர்நிலைப் பள்ளிப் பிரிவில் அடங்கும். நீண்ட காலமாக அங்கு எட்டாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் ஏறத்தாழ அனைவரும் அடுத்த வகுப்புக்குச் சென்றுவிடுவதே நடைமுறையாக இருந்தது. இதில் 2024-ல் மாநில அரசு ஒரு மாற்றத்தை அறிவித்தது. எழுத்துத் தேர்வில் ஒவ்வொரு பாடத்திலும் குறைந்தது 30 விழுக்காடு மதிப்பெண் பெற வேண்டும் என்ற விதி, 2024-25 கல்வியாண்டில் எட்டாம் வகுப்புக்கு முதலில் நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டில் ஒன்பதாம் வகுப்புக்கும், 2026-27-ல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கும் அதை விரிவுபடுத்துவது என்பது அறிவிக்கப்பட்ட திட்டம். முதல் ஆண்டில் அந்த அளவை எட்டாத எட்டாம் வகுப்பு மாணவர்களுக்குக் கோடை விடுமுறையில் சிறப்பு வகுப்புகள் நடத்தப்பட்டு, மறுதேர்வும் வைக்கப்பட்டது.

இந்த விதியால் முதலில் பாதிக்கப்படக்கூடியவர்கள் வகுப்பில் வாய் திறக்காத மாணவர்களே. பாடம் புரியவில்லை என்பதை அவர்கள் தாமாகச் சொல்வதில்லை. ஆசிரியர் அதைக் கண்டறிவதற்குள் ஆண்டுத் தேர்வே வந்துவிடுகிறது. கையெழுத்துக் குறிப்பேட்டில் எழுதாமல் இருப்பதையும், கணக்கின் இரண்டாம் படியிலேயே பேனா நின்றுவிடுவதையும் அருகில் நின்று பார்த்தால் ஜூன், ஜூலை மாதங்களிலேயே தெரிந்துவிடும். அனைவரும் ஒரே வரிசையில் இருக்கும்போது ஆசிரியர் ஒவ்வொருவர் முன்பும் தடையின்றி நடந்து செல்ல முடிகிறது. இந்த முறையின் உண்மையான பயன் இதுவே.

மாணவர்களின் பிற செயல்பாடுகளிலும் இதே வேறுபாட்டைக் காணலாம். கேரள உயர்நிலைப் பள்ளிகளில் 2010-ல் தொடங்கப்பட்ட மாணவர் காவல் படையும், 2018-ல் தொடங்கப்பட்ட 'லிட்டில் கைட்ஸ்' கணினி மன்றமும் செயல்படுகின்றன. அணிவகுப்பிலும் கணினிப் பயிற்சியிலும் யாரும் கடைசி பெஞ்சில் அமர்ந்து ஒளிந்துகொள்ள இயலாது. ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை உண்டு. எனினும், தேர்வு செய்யப்பட்ட சிலருக்கு மட்டுமே இவற்றில் இடம் கிடைக்கிறது. எல்லா மாணவர்களும் நாள் முழுவதும் இருக்கும் ஒரே இடம் வகுப்பறைதான்.

இடம் போதுமா?

நடைமுறையில் எழும் முதல் கேள்வி இடவசதி. ஆறு மீட்டர் நீளமும் ஆறு மீட்டர் அகலமும் கொண்ட ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். கரும்பலகைச் சுவரைத் தவிர்த்து, மற்ற மூன்று சுவர்களின் மொத்த நீளம் 18 மீட்டர். மூலைகளுக்கும் வாசலுக்கும் ஏறத்தாழ மூன்று மீட்டரைக் கழித்தால் 15 மீட்டர் எஞ்சும். ஒரு மாணவருக்கு அரை மீட்டர் என்று கணக்கிட்டால், ஒரே வரிசையில் 30 பேர் அமரலாம். வகுப்பில் 40 பேர் இருந்தால் இரண்டாவது வரிசை தேவைப்படும். அப்போது மீண்டும் ஒரு பின்வரிசை உருவாகிவிடும்.

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 35 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்பது கல்வி உரிமைச் சட்டம் கூறும் அளவு. தேசியக் கல்விக் கொள்கை 2020, ஆசிரியர் ஒருவருக்கு 30-க்கும் குறைவான மாணவர்கள் இருக்க வேண்டும் என்கிறது. இந்த எண்ணிக்கையைக் கடைப்பிடிக்கும் பள்ளிகளில் மட்டுமே புதிய முறை முழுமையாகப் பொருந்தும்.

இரண்டாவது கேள்வி உடல்நலம் பற்றியது. பக்கவாட்டுச் சுவரோரம் அமரும் மாணவர் கரும்பலகையைப் பார்க்கக் கழுத்தைத் திருப்பியே வைத்திருக்க வேண்டும். கேரளத்தில் 8 முதல் 12-ஆம் வகுப்பு வரை பல்லாயிரம் வகுப்பறைகளில் புரொஜெக்டர்கள் பொருத்தப்பட்டுள்ளன. பாடத்தின் ஒரு பகுதி முன்சுவரில் ஒளிபரப்பப்படும்போது இந்தச் சிக்கல் மேலும் கூடுகிறது. பார்வைக் குறைபாடு உள்ள மாணவருக்கு ஓரத்து இடம் வரிசை முறையைவிடச் சிரமமாகவும் அமையலாம்.

தமிழ்நாட்டிலும் இதே எதிர்ப்பு எழுந்தது. 2025 ஜூலையில் வகுப்பறைகளில் 'ப' வடிவில் இருக்கைகளை அமைக்குமாறு பள்ளிக் கல்வித் துறை சுற்றறிக்கை அனுப்பியது. கழுத்து வலி, பார்வைச் சிக்கல் ஆகியவற்றைச் சுட்டிக்காட்டி விமர்சனங்கள் எழுந்ததை அடுத்து, அந்த உத்தரவு தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டது. கேரளத்தில் அப்போதைய கல்வி அமைச்சர் வி. சிவன்குட்டி, பின்வரிசை இல்லாத வகுப்பறை குறித்து ஆராய நிபுணர் குழு அமைக்கப்படும் என்று 2025-ல் தெரிவித்தார்.

எளிய மாற்று வழிகள்

பெஞ்சுகளை நகர்த்த இடமில்லாத பள்ளிகளும் இதன் நோக்கத்தை நிறைவேற்ற முடியும். வாரம் ஒருமுறை வரிசைகளைச் சுழற்சி முறையில் மாற்றினால், யாருக்கும் கடைசி பெஞ்ச் நிரந்தர இடமாகாது. கலந்துரையாடல், வாசிப்பு, அறிவியல் செயல்முறை ஆகியவற்றுக்கு மட்டும் அரைவட்டமாக அமரச் செய்து, எழுத்துப் பணிக்கும் தேர்வுக்கும் வரிசைக்குத் திரும்பலாம். பக்கவாட்டில் அமர்பவர்களை நாள்தோறும் இடம் மாற்றினால் கழுத்து வலிக்கான வாய்ப்பும் குறையும். பார்வை, செவித்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும் முன்னிடத்தை நிலையாக ஒதுக்குவது அவசியம்.

பெஞ்சுகளை இடம் மாற்றுவதற்குச் செலவு எதுவும் இல்லை. எனினும், ஆசிரியர் தம் இடத்தை விட்டு நகராமல் வழக்கமான நான்கைந்து பேரிடம் மட்டுமே கேள்வி கேட்டால், எந்த வடிவில் அமர்ந்தாலும் பயன் இருக்காது. ஒவ்வொரு மாணவரும் வாரத்தில் ஒருமுறையாவது வகுப்பில் பேசினாரா, அவரது குறிப்பேட்டை ஆசிரியர் பார்த்தாரா என்பதைக் கொண்டே இந்த மாற்றம் வெற்றி பெற்றதா என்பதைப் பெற்றோரும் பள்ளி நிர்வாகமும் மதிப்பிட முடியும்.