ரெலிபோனின் மறுமுனையில் ஒரு துணை

இங்கிலாந்தின் சிறு நகரம் ஒன்றில் வசிக்கும் அந்தச் சகோதரியை நாம் சந்திக்கப் போனபோது, அவர் குசினிக்குள் கதிரை போட்டு இருந்தபடி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். "நிண்டு வெட்டினால் கறி அடுப்பில ஏற முதல் என்ர கால் விட்டிடும். இருந்து வெட்டினால் கறியும் முடியும், பிள்ளையளைப் பள்ளிக்கூடத்தால கூட்டிவரவும் பெலன் மிஞ்சும்" என்றார். பார்வைக்குச் சாதாரண காரியம். ஆனால் அந்தக் கதிரை குசினிக்குள் வருவதற்கு ஐந்து வருடங்கள் பிடித்தன. அந்தக் கதையைப் பெயர் குறிப்பிடாமல் எழுதுவதற்கு அவர் சம்மதித்தார். எங்கள் வீடுகளில் இன்னும் எத்தனை பேர் இப்படி வாய் திறவாமல் இருக்கிறார்களோ என்ற எண்ணத்திலேயே இதை எழுதுகிறோம்.

அவருடைய பெற்றோர் 1985 இல் வடமராட்சியிலிருந்து அகதிகளாக வந்தவர்கள். இவர் 1990 இல் இங்கேயே பிறந்தவர். 2017 இல் ஒருநாள் வலது கண் நோவெடுத்து, பார்வை புகைபோல மங்கியது. மூன்று கிழமையில் தானாகவே சுகமாகிவிட்டது. கொம்பியூட்டர் பார்த்த களைப்பு என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். அடுத்த மாரியில் இரண்டு பாதங்களும் விறைத்தன. சுடுதண்ணீரில் குளித்துவிட்டு வந்தால் கால்கள் துவண்டன. எல்லாவற்றுக்கும் மேலாக, சொல்லி விளங்கப்படுத்த முடியாத ஒரு களைப்பு. 2019 இல் எம்.ஆர்.ஐ. படம் எடுத்த பிறகே நோயின் பெயர் தெரிந்தது: மல்ரிப்பிள் ஸ்கிளெரோசிஸ். சுருக்கமாக எம்.எஸ். என்பார்கள்.

வீட்டில் இருந்த மாமிக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. "விடிஞ்சு பத்து மணியாகியும் என்ன படுக்கை? நாங்கள் நாலு பிள்ளை பெத்தும் இப்பிடிக் கிடக்கேல்லை" என்றார். தாயார் நேர்த்தி வைத்து நூல் கட்டினார். தகப்பனாரோ, தங்கச்சிக்குக் கலியாணம் பேசுகிற நேரம், இதை வெளியில் விடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஒவ்வொருவரும் தாம் அறிந்த வழியில் அன்பு காட்டினார்கள். ஆனால் அவருக்கு என்ன செய்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

இது என்ன நோய்?

மின்சார வயருக்கு மேலே உறை இருப்பதுபோல எமது நரம்பிழைகளுக்கும் மயலின் என்ற கொழுப்பு உறை உண்டு. நோய்க்கிருமிகளை எதிர்க்கவேண்டிய உடலின் எதிர்ப்புச் சக்தி, வழிதவறி மூளையிலும் முள்ளந்தண்டு நாணிலும் உள்ள அந்த உறையைத் தாக்குவதே எம்.எஸ். உறை அரிக்கப்பட்ட இடத்தில் செய்தி தாமதிக்கிறது, சிலவேளை போய்ச் சேருவதேயில்லை. எந்த இடத்தில் உறை கெட்டதோ அதற்கேற்பப் பார்வை, நடை, கைப்பிடி, சிறுநீர்க் கட்டுப்பாடு, ஞாபகம் ஆகியவை பாதிக்கப்படும். 1868 இல் பாரிஸ் நகரத்து வைத்தியர் சார்க்கோ இதைத் தனியொரு நோயாக விபரித்தார். இன்று உலகில் 28 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்கு இது இருக்கிறது. பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில் தலைகாட்டும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கு மேல் வருகிறது. தொற்றுநோய் அல்ல.

"எங்கட ஊரில இப்படியொரு வருத்தம் கேள்விப்படவில்லையே" என்று அந்தத் தாயார் சொன்னதில் உண்மை இருக்கிறது. வெய்யில் நாடுகளில் இது அரிது. பிரித்தானியா, கனடா, ஸ்கண்டினேவிய நாடுகள் போன்ற குளிர் நாடுகளில் அதிகம். 1990 இல் வெளியான ஓர் ஆய்வு எமக்கு முக்கியமானது. இந்தியத் துணைக்கண்டத்திலிருந்தும் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் பிரித்தானியாவுக்கு வந்தவர்களிடம் இந்நோய் குறைவாகவே இருந்தது. ஆனால் அவர்களுக்கு இங்கு பிறந்த பிள்ளைகளிடம் அது ஏனைய பிரித்தானியரின் அளவை நெருங்கியிருந்தது. வெய்யில் குறைவதால் விற்றமின் டி குறைவது ஒரு காரணம் எனக் கருதப்படுகிறது. எப்ஸ்ரைன்-பார் என்ற பொதுவான வைரசுக்கும் இந்நோய்க்கும் உள்ள நெருங்கிய தொடர்பை 2022 இல் வெளிவந்த அமெரிக்க இராணுவத்தினர் பற்றிய பேராய்வு எடுத்துக் காட்டியது. ஆகவே இது செய்வினையுமல்ல, கண்ணூறுமல்ல, பிள்ளை வளர்த்த பிழையுமல்ல.

கலியாணம் பேசுபவர்களும் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். உடன்பிறந்த ஒருவருக்கு எம்.எஸ். இருந்தால் மற்றவருக்கும் வரக்கூடிய வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று. நூற்றில் 97 பேருக்கு வருவதில்லை.

மீதி நாட்களுக்கு யார் வைத்தியர்?

1993 வரை இந்நோயின் போக்கை மாற்றக்கூடிய, அங்கீகாரம் பெற்ற மருந்து எதுவும் இருக்கவில்லை. அந்த வருடம் அமெரிக்காவில் பீற்றா இன்ரபெரோன் ஊசி அனுமதிக்கப்பட்டது. இன்று பல மருந்துகள் உண்டு. தொடக்கத்திலிருந்தே படிப்படியாகக் கூடிச் செல்லும் வகைக்கும் 2017 இல் முதல் மருந்து கிடைத்தது. இவை புதிய தாக்குதல்களைக் குறைக்கின்றன, நோயை அடியோடு மாற்றுவதில்லை. எமது சகோதரி நிபுணரைக் காண்பது வருடத்தில் இரண்டு தடவை. மற்ற நாட்களில் களைப்போடும் விறைப்போடும் குடும்பம் நடத்துபவர் அவரேதான். அந்த நாட்களுக்கான பயிற்சியையே சுய பராமரிப்பு என்கிறார்கள். வைத்தியரை விட்டுவிடுவதல்ல அதன் பொருள். வைத்தியர் அருகில் இல்லாத நேரத்தில் தனது நோயைத் தானே விளங்கி நடத்திக்கொள்வது.

இதற்குத் தூரம் ஒரு தடையல்ல என்பது புதிய கண்டுபிடிப்புமல்ல. 1945 இல் நியூயோர்க்கைச் சேர்ந்த சில்வியா லோறி என்ற பெண், எம்.எஸ். நோயாளியான தன் தம்பிக்காக, இதிலிருந்து குணமடைந்தவர்கள் யாரேனும் உண்டா என்று கேட்டுப் பத்திரிகையில் ஒரு சிறு விளம்பரம் போட்டார். பதில் எழுதியவர்களில் பலர் அதே கேள்வியோடு இருந்த நோயாளிகளும் உறவினர்களும்தான். அந்தக் கடிதங்களிலிருந்தே 1946 இல் அமெரிக்காவின் தேசிய எம்.எஸ். சங்கம் பிறந்தது.

2011 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 190 எம்.எஸ். நோயாளிகளுக்குக் களைப்பைச் சமாளிக்கும் வகுப்பு ரெலிபோனிலேயே நடத்தப்பட்டது. கிழமைக்கு 70 நிமிடம், ஆறு கிழமை. ஒரு சிறு குழு ஒரே இணைப்பில் இருக்கும், தொழில்வழிச் சிகிச்சையாளர் ஒருவர் நடத்துவார். களைப்பின் கடுமை பெரிதாக மாறவில்லை. ஆனால் அது நாளாந்த வாழ்வைக் குழப்புவது குறைந்தது. பிரித்தானியாவிலும் 'பாசெற்ஸ்' என்ற ஆறு கிழமைப் பயிற்சி இதே நோக்கத்துடன் உருவாக்கப்பட்டு, 2013 இல் அதன் பயன் பற்றிய ஆய்வு வெளிவந்தது.

காருக்குள் நடந்த வகுப்பு

எமது சகோதரிக்கு இத்தகைய ரெலிபோன் வகுப்பொன்று 2022 இல் கிடைத்தது. ஆஸ்பத்திரி பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலத் தூரம். போய் வருவதிலேயே அன்றைய பெலன் முழுவதும் தீர்ந்துவிடும். ஆகவே ரெலிபோன் வகுப்பு அவருக்குப் பெரிய உபகாரம். ஆனால் ஆறு பேர் இருக்கிற வீட்டில் எங்கே இருந்து கதைப்பது? வாசலில் நின்ற காருக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு கதைத்தார்.

முதற் கிழமை ஒரு கொப்பியில், மணிக்கு மணி என்ன செய்தோம், களைப்பு எவ்வளவு என்று எழுதச் சொன்னார்கள். அதிலிருந்து கற்றவற்றை அவர் எமக்கு இப்படிச் சொன்னார். பெலன் என்பது சம்பளம் மாதிரி, மாதக் கடைசிக்கும் மிச்சம் பிடிக்க வேண்டும். களைத்த பின் படுப்பதைவிடக் களைக்குமுன் பத்து நிமிடம் இருப்பது மேல். இடியப்பம் பிழிவதும் வீடு கழுவுவதும் ஒரே நாளில் வேண்டாம். சூடு ஆகாது: இளஞ்சூட்டில் குளிப்பு, கோயில் தேருக்குப் போனால் நிழலில் ஒரு கதிரை, கழுத்தில் ஈரத்துணி. சூட்டினால் வரும் தளர்ச்சி உடல் குளிர்ந்ததும் மாறிவிடும், அதற்காகப் பயப்படத் தேவையில்லை. உடற்பயிற்சி கூடாது என்பது பழைய எண்ணம். அளவான பயிற்சி நல்லது என்பதை 1996 முதல் ஆய்வுகள் காட்டி வருகின்றன.

ஒவ்வொரு கிழமையும் ஒரு சிறு திட்டம் சொல்லவேண்டும். "இனி நல்லா நடப்பன்" என்றால் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். "செவ்வாயும் வெள்ளியும் பின்னேரம் பத்து நிமிடம் நடப்பன்" என்று சொல்லவேண்டும். அதைச் செய்து முடிப்பேன் என்ற நம்பிக்கை பத்துக்கு எத்தனை என்று கேட்பார்கள். ஏழுக்குக் குறைந்தால் திட்டத்தைச் சிறிதாக்கச் சொல்வார்கள்.

நாலாவது கிழமை மழை. மருமகள் காருக்குள் தனியே இருப்பதைக் கண்ட மாமி, குடையோடு போய்க் கண்ணாடியைத் தட்டினார். அழுகிறாளோ என்று பயந்துபோய் வந்தவர். சகோதரி கதவைத் திறந்து பக்கத்தில் இருத்தி, ரெலிபோனைச் சத்தமாக விட்டார். மறுமுனையில் ஒரு வெள்ளைக்காரப் பெண், காலையில் எழும்பும்போதே கைகால் ஈயம்போல் கனப்பதையும், தன்னைச் சோம்பேறி என்று புருஷனே சொன்னதையும் சொல்லிக்கொண்டிருந்தார். மருமகள் மெல்லத் தமிழில் சொல்லச் சொல்ல மாமி கேட்டார். வகுப்பு முடிந்தபின் கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உதை முந்தியே எனக்கு விளங்கச் சொல்லியிருக்கலாமே பிள்ளை" என்றாராம். அடுத்த நாள் குசினிக்குள் கதிரையைக் கொண்டுவந்து வைத்தவர் அவர்தான்.

எல்லாம் நல்லபடி முடிந்துவிட்டதாக நாம் சொல்ல வரவில்லை. தங்கச்சிக்குப் பேசிய ஓரிடம், விஷயம் தெரிந்ததும் பின்வாங்கியது. களைப்பு இன்றும் இருக்கிறது. ஆனால் வீட்டில் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை.

ரெலிபோனால் ஆகாதவை

புதிய மங்கல், விறைப்பு, பலவீனம் ஏதாவது 24 மணித்தியாலத்துக்கு மேல் நீடித்தால் எம்.எஸ். தாதிக்கோ வைத்தியருக்கோ உடனே அறிவிக்க வேண்டும். காய்ச்சலும் சிறுநீர்த் தொற்றும் பழைய அறிகுறிகளைக் கிளப்பிவிடக் கூடியவை, ஆகையால் முதலில் அவற்றைச் சோதிப்பார்கள். சுகமாக இருக்கிறதே என்று மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது. பிரித்தானியாவில் வாகனம் ஓட்டுபவர்கள் சாரதி அனுமதிப்பத்திரம் வழங்கும் அலுவலகத்துக்கு இந்நோயை அறிவிப்பது சட்டம்.

ஆங்கிலம் தெரியாத பெரியவர்களுக்கு இந்த வகுப்புகள் எட்டாத தூரத்தில்தான் இருக்கின்றன. அதற்காக ஒன்பது வயதுப் பிள்ளையைக் கொண்டு தாயின் சிறுநீர்க் கோளாற்றை மொழிபெயர்க்க வைப்பது இருவருக்கும் கொடுமை. பிரித்தானியப் பொது வைத்தியசேவையில் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்கலாம், ரெலிபோனிலும் தருவார்கள். நேரம் குறிக்கும்போதே தமிழ் வேண்டுமென்று சொல்லிவையுங்கள்.

தூரத்திலிருந்து துணை நிற்பது எமக்குத் தெரியாத கலையல்ல. 1990களில் ரெலிபோன் அட்டையைச் சுரண்டி, கொழும்பு லொட்ஜில் காத்திருந்த தாயைக் குரலாலேயே தாங்கிப் பிடித்தவர்கள் நாம். "சாப்பிட்டியோ? மருந்து எடுத்தியோ? நித்திரை வந்ததோ?" என்று கேட்டுப் பழகிய வாய் எங்களுடையது. பக்கத்துத் தெருவில், அல்லது உங்கள் வீட்டு மேல்மாடியிலேயே, களைத்துப் படுத்திருக்கும் ஒருவரை இந்தக் கிழமை ஒருதரம் கூப்பிட்டுக் கேளுங்கள். களைப்பு என்று அவர் சொன்னால் நம்புங்கள்.