பேனலுக்குள் பிஎல்சி, கையில் பழைய லேப்டாப்

புதுச்சேரியில் ஒரு மேட்டுப்பாளையம் உண்டு. ஊட்டி ரயில் கிளம்புகிற மேட்டுப்பாளையம் அல்ல, புதுச்சேரி அரசு நிறுவனமான பிப்டிக்கின் தொழிற்பேட்டை இருக்கும் மேட்டுப்பாளையம். தட்டாஞ்சாவடி, சேதராப்பட்டு, கிருமாம்பாக்கம், திருபுவனை என்று நகரைச் சுற்றிலும் இப்படித் தொழிற்சாலைகள் இருக்கின்றன. வாஷிங் மெஷின் முதல் மாத்திரை வரை பலதும் இங்கே தயாராகிறது. இவற்றில் பெரும்பாலான மெஷின்களின் ஓரத்தில் சாம்பல் நிற பேனல் போர்டு ஒன்று நிற்கும். கதவைத் திறந்தால் கான்டாக்டர்கள், வயர்கள், நடுவே செங்கல் அளவில் ஒரு பெட்டி. அதுதான் பிஎல்சி. பட்டன்களும் சென்சார்களும் அனுப்பும் சிக்னல்களை நொடிக்குப் பல தடவை படித்து, எந்த மோட்டார் ஓடணும், எந்த வால்வு மூடணும் என்று முடிவு செய்கிற கன்ட்ரோலர்.

1968-ல் அமெரிக்காவில் இன்ஜினீயர் டிக் மோர்லியின் குழுவினர் இதன் முதல் வடிவத்தை உருவாக்கத் தொடங்கினார்கள். கார் மாடல் மாறும்போதெல்லாம் நூற்றுக்கணக்கான ரிலே ஸ்விட்சுகளைக் கழற்றி மறுபடி வயரிங் செய்யும் வேலையிலிருந்து தப்பிக்கத்தான் வாகன ஆலைகள் இதைக் கேட்டன. அவர்களுடைய 84-ஆவது திட்டம் என்பதால் அந்தக் கருவிக்கு மோடிகான் 084 என்று பெயர் வந்தது. இன்று மோடிகான், ஷ்னைடர் எலக்ட்ரிக்கின் பிராண்டு. 1954-ல் பிரெஞ்சு நிர்வாகம் ஊரை விட்டுப் போனாலும், ஒரு பிரெஞ்சு நிறுவனம் பேனல் வழியாகப் புதுச்சேரிக்குள் திரும்ப வந்துவிட்டது என்று சொல்லலாம்.

ரிலே வயரிங் படம் பார்த்துப் பழகிய எலக்ட்ரீசியனுக்குப் புரியவேண்டும் என்று, ஏணி போன்ற ‘லேடர்’ வரைபடத்தையே புரோகிராம் எழுதும் முறையாக வைத்தார்கள். அதனால் புரோகிராமைப் படிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. அந்தப் புரோகிராமைத் திறக்கும் மென்பொருளை லேப்டாப்பில் ஓட வைப்பதற்குள்தான் ஒரு ஷிப்ட் போய்விடும்.

முதல் சிக்கல் வெர்ஷன். சீமென்ஸின் எஸ்7-300 பிஎல்சிக்காக எழுதிய பழைய ஸ்டெப் 7 புராஜெக்ட்டைப் புதிய டிஐஏ போர்ட்டலில் நேரடியாகத் திறக்க முடியாது, மாற்றித்தான் கொண்டுவர வேண்டும். பழைய ஸ்டெப் 7-க்கோ விண்டோஸ் ஹோம் பதிப்பு ஒத்துவராது, புரொஃபஷனல் வேண்டும். ராக்வெல்லின் கன்ட்ரோல்லாஜிக்ஸ் வகைகளில் பெட்டிக்குள் இருக்கும் ஃபர்ம்வேர் 16 என்றால், லேப்டாப்பிலும் 16-ஆம் வெர்ஷன்தான் இருந்தாக வேண்டும். 20 இருந்தாலும் பிஎல்சியோடு இணைந்து ஆன்லைன் போகாது. அதனால் அனுபவமுள்ள மெயின்டனன்ஸ் ஆட்கள் ஒரே லேப்டாப்பில் பல விர்ச்சுவல் மெஷின்களை, அதாவது கணினிக்குள் தனித்தனியாக ஓடும் மென்பொருள் கணினிகளை, வைத்திருப்பார்கள். எக்ஸ்பி ஒன்று, விண்டோஸ் 7 ஒன்று, 10 ஒன்று, ஒவ்வொன்றிலும் அதற்கு ஏற்ற மென்பொருள். ஒன்று கெட்டாலும் மற்றவை தப்பிக்கும். நகல் எடுத்து ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வைத்தால், லேப்டாப்பே போனாலும் பிழைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது இன்ஸ்டாலேஷன். சீமென்ஸ் மென்பொருள் போட்டவர்கள் பலருக்கும் பழகிய தொல்லை இது: செட்டப் தொடங்கியதும் ‘ரீஸ்டார்ட் செய்யுங்கள்’ என்று சொல்லும். ரீஸ்டார்ட் செய்தால் மறுபடியும் அதையே சொல்லும். நாள் முழுக்க ரீஸ்டார்ட் செய்தாலும் இதே பாட்டுதான். அடுத்த தடவை கணினி எழும்போது எந்தெந்தக் கோப்பின் பெயரை மாற்ற வேண்டும் என்று விண்டோஸ் தன் ரெஜிஸ்ட்ரியில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. பிரின்டர் டிரைவரோ வேறு ஏதாவது புரோகிராமோ அதில் ஒரு வரியை விடாமல் எழுதிக்கொண்டே இருந்தால், செட்டப் அதைப் பார்த்துவிட்டு ‘இன்னும் வேலை பாக்கி’ என்று நின்றுவிடும். ரெஜிஸ்ட்ரியை முதலில் பேக்கப் எடுத்துக்கொண்டு, ‘பெண்டிங் ஃபைல் ரீநேம் ஆபரேஷன்ஸ்’ என்ற அந்தப் பதிவை அழித்தால் செட்டப் மேலே போகும்.

கேபிளும் சும்மா விடாது. மலிவான யுஎஸ்பி-சீரியல் கேபிள்கள் பலவற்றில் புரோலிஃபிக் நிறுவனத்தின் பழைய சிப்போ அதன் போலியோ இருக்கும். புதிய விண்டோஸ் டிரைவர் அவற்றை ஏற்காது, டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் தெரியும். ‘பிஎல்சி போச்சு’ என்று முடிவு கட்டும் முன் ஒரு தடவை அங்கே பார்ப்பது நல்லது.

கேபிளே தேவைப்படாத வழியும் ஒன்று உண்டு: எமுலேட்டர், அதாவது பிஎல்சியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள். பெட்டி இல்லாமலே புரோகிராமை ஓட்டிப் பார்க்கலாம். சீமென்ஸில் பிஎல்சிசிம், ராக்வெல்லில் எமுலேட் என்று பல கம்பெனிகளுக்கும் ஒன்று உண்டு. சில லட்ச ரூபாய் உபகரணத்தை வாங்க முடியாத மாணவனுக்கு இது பெரிய வரம். ஆனால் இதற்கும் குறும்பு உண்டு. பிஎல்சிசிம் திறந்திருக்கும்போது ஸ்டெப் 7-லிருந்து டவுன்லோடு கொடுத்தால் புரோகிராம் எமுலேட்டருக்குள் போய்விடும். திரையில் எல்லாம் சரியாக முடிந்தது போலத் தெரியும், மெஷின் மட்டும் பழையபடியே ஓடிக்கொண்டிருக்கும்.

இதைவிடப் பெரிய பொறி ஸ்டாப் பட்டன். தொழிற்சாலையில் ஸ்டாப் பட்டனை ‘நார்மலி குளோஸ்டு’ வகையாகவே வயரிங் செய்வார்கள். அழுத்தாதபோது பிஎல்சிக்கு சிக்னல் போய்க்கொண்டே இருக்கும், அழுத்தினால் அறுந்துவிடும். எலி வயரைக் கடித்தாலும் சிக்னல் அறுந்து மோட்டார் நின்றுவிடும் என்பதே இதன் பாதுகாப்பு. எமுலேட்டரிலோ எல்லா இன்புட்டும் தொடக்கத்தில் பூஜ்யம். ஸ்டார்ட் கொடுத்தால் மோட்டார் ஓடாது. புதிதாகப் படிப்பவர் லேடரில் ஸ்டாப் கான்டாக்டைத் தலைகீழாக மாற்றிவிடுவார், திரையில் மோட்டார் ஓடும். அதே புரோகிராமை நிஜ பேனலில் ஏற்றினால் மோட்டார் எழாது. அங்கே யாராவது அவசரத்தில் பட்டனை ‘நார்மலி ஓப்பன்’ வகையாக மாற்றிவிட்டால் மோட்டார் ஓடும், ஆனால் வயர் அறுந்த அன்று ஸ்டாப் வேலை செய்யாது. எமுலேட்டரில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஸ்டார்ட் கொடுக்கும் முன் ஸ்டாப் இன்புட்டைக் கையால் ‘ஒன்று’ ஆக்கிவிட வேண்டும்.

பழைய மெஷின்களில் இன்னொரு தலைவலி, மூலப் புரோகிராம் தொழிற்சாலையிடம் இருக்காது. மெஷின் சப்ளை செய்தவர் கொடுத்திருக்க மாட்டார், கொடுத்த சிடியும் தொலைந்திருக்கும். பிஎல்சியிலிருந்தே எடுத்துவிடலாமே என்றால் எஸ்7-300 போன்றவற்றில் லேடர் மட்டும்தான் வரும். ‘கன்வேயர் மோட்டார்’ போன்ற பெயர்களும் குறிப்புகளும் வராது, வெறும் எண்கள்தான் இருக்கும். ஒவ்வொரு எண்ணும் எந்த வயர் என்று பேனலில் தேடித்தான் எழுத வேண்டும்.

இத்தனை தவிப்புக்கு நடுவே, லைசென்ஸ் இல்லாமல் கிராக் செய்த மென்பொருளை நாடுகிறவர்கள் 2010-ல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட்டைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். பென் டிரைவ் வழியாகப் பரவிய அந்த வைரஸ், ஸ்டெப் 7-ன் டிஎல்எல் கோப்பு ஒன்றை மாற்றிவிட்டு, பிஎல்சிக்குள் நடப்பதை இன்ஜினீயர் கண்ணிலிருந்து மறைத்தது. குறி வைத்தது ஈரானின் அணுசக்தி ஆலையை. ஆனால் பாதிக்கப்பட்ட கணினிகளின் எண்ணிக்கையில் ஈரான், இந்தோனேசியாவுக்கு அடுத்து இந்தியா இருந்தது. எங்கிருந்தோ இறக்கிய கிராக் கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

கற்க விரும்புகிறவருக்குக் கிராக் தேவையும் இல்லை. டிஐஏ போர்ட்டலை 21 நாள் சோதனை லைசென்ஸில் ஓட்டலாம். ஜெர்மனியின் கோடெசிஸ் மென்பொருள் இலவசம், அதன் சிமுலேஷன் முறையில் பெட்டி எதுவும் தேவையில்லை. விண்டோஸிலேயே பிஎல்சி போல ஓடும் அதன் ரன்டைம், லைசென்ஸ் இல்லாவிட்டால் இரண்டு மணி நேரத்தில் தானாக நின்றுவிடும். மறுபடி ஸ்டார்ட் கொடுத்தால் மறுபடியும் இரண்டு மணி நேரம்.