பாலைவனத்தில் படகு விடலாம், வாங்க!

திருத்தணி முருகன் கோவிலுக்குப் போயிருக்கிறீர்களா? வருடத்துக்கு எத்தனை நாளோ, அத்தனை படிகள். ஆமாம், 365! மூச்சு வாங்க ஏறி, மேலே நின்று சுற்றிலும் பாருங்கள். வயல்கள் தெரியும். ஆந்திர எல்லைப் பக்கம் பாறைக் குன்றுகள் தெரியும். ஆனால், ஊரை ஒட்டிப் போகும் நந்தியாறு எங்கே? கோடையில் போனால் தண்ணீரைத் தேடத்தான் வேண்டும். மணலும் முள்செடியும்தான் கண்ணில் படும்.

"அப்பா, இந்த ஆற்றில் படகு விடலாமா?" என்று கேட்டால், "முதலில் ஆற்றில் தண்ணீர் விடச் சொல்லு!" என்று சிரிப்பார்.

இப்போது ஒரு புதிர். திருவள்ளூர் மாவட்டத்தில் சராசரியாக ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 'கிரீன் ரிவர்' என்று ஒரு சிற்றூர். அங்கே ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் கூடப் பெய்யாது. சுற்றிலும் பாலைவனம்! ஆனால், அந்த ஊர் வழியாகப் போகும் கிரீன் ஆற்றில் வருடம் முழுவதும் தண்ணீர் ஓடுகிறது. அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று குடும்பம் குடும்பமாகப் படகில் கிளம்பி, நாலைந்து நாட்கள் கரையில் கூடாரம் போட்டுத் தங்கி வருகிறார்கள். மழையே இல்லாத ஊரில் இது எப்படி?

வெளியூர்த் தண்ணீர்!

விடை ரொம்ப சுலபம். அது உள்ளூர்த் தண்ணீரே இல்லை! கிரீன் ஆறு பிறப்பது வடக்கே வயோமிங் மாநிலத்தில் உள்ள விண்ட் ரிவர் மலைகளில். அங்கே குளிர்காலத்தில் பனி மலை மலையாகக் குவியும். வெயில் வந்ததும் அது உருகி, பல நூறு கிலோமீட்டர் பயணம் செய்து பாலைவனத்துக்கு வந்து சேர்கிறது. எகிப்தின் நைல் நதியும் இப்படித்தான். எத்தியோப்பிய மலைகளில் பெய்த மழை, சகாராவின் மணலுக்கு நடுவே ஓடுகிறது.

நம் நந்தியாறும், அது போய்ச் சேரும் கொசஸ்தலை ஆறும் அப்படி இல்லை. இவற்றுக்குப் பனிமலை கிடையாது. அக்கம்பக்கத்தில் பெய்யும் மழைதான் சாப்பாடு. மழை வந்தால் ஆறு, வராவிட்டால் மணல்!

கயாக் என்றால் என்ன?

ஒருவரோ இருவரோ கால் நீட்டி உட்காரும் ஒல்லியான, நீளமான படகு. இரண்டு பக்கமும் தட்டையான ஒரே துடுப்பை இடம், வலம் என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். வேடிக்கை என்ன தெரியுமா? பாலைவனத்தில் ஓடும் இந்தப் படகு பிறந்தது பனிப் பிரதேசத்தில்! வட துருவப் பகுதியில் வாழும் இனுயிட் மக்கள், மரத்தாலோ எலும்பாலோ சட்டம் கட்டி, அதன் மேல் கடல்நாய்த் தோலை இழுத்துத் தைத்து, வேட்டைக்காகச் செய்தது இது. இப்போது பிளாஸ்டிக்கில் வருகிறது.

80 கிலோ தண்ணீர்

கிரீன் ஆற்றில் குடும்பங்கள் விரும்பிப் போகும் பகுதி 'லாபிரிந்த்' பள்ளத்தாக்கு. பெரிய சுழலோ, பாறை மேல் பாயும் நீரோ இல்லாத அமைதியான பகுதி. ரூபி ராஞ்ச் என்ற இடத்தில் படகில் ஏறினால், சுமார் 72 கிலோமீட்டர் தள்ளி மினரல் பாட்டம் என்ற இடத்தில் இறங்கலாம். திருத்தணியிலிருந்து சென்னை வரும் தூரத்தைவிடக் கொஞ்சம் குறைவு. நாம் ரயிலில் இரண்டு மணி நேரத்தில் வந்துவிடுவோம். அவர்களுக்கு மூன்று, நான்கு நாட்கள் ஆகும்!

நடுவில் கடை இல்லை. பெரும்பாலான இடங்களில் செல்பேசி சிக்னலும் இல்லை. எல்லாவற்றையும் படகிலேயே கொண்டு போக வேண்டும். இங்கே ஒரு குட்டிக் கணக்கு: ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் தண்ணீர். நான்கு பேர், ஐந்து நாட்கள் (ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்!). மொத்தம் 80 லிட்டர். நம் வீடுகளுக்கு வருமே, அந்த 20 லிட்டர் கேன் நான்கு! எடை 80 கிலோ.

"ஆறு முழுக்கத் தண்ணீர் இருக்கும்போது கேன் எதற்கு?" என்கிறீர்களா? கிரீன் ஆற்றுத் தண்ணீர் பால் டீ மாதிரி கலங்கலாக இருக்கும். நேராக வடிகட்டியில் ஊற்றினால் வண்டல் அடைத்துக்கொள்ளும். அதனால் ராத்திரி வாளியில் பிடித்து வைத்து, மண் அடியில் படிந்ததும் மேலே உள்ள நீரை மட்டும் எடுத்துச் சுத்தம் செய்கிறார்கள். நம் ஊர்ப் பாட்டிகள் தேற்றாங்கொட்டையைப் பானையின் உள்பக்கம் தேய்த்துக் கலங்கல் நீரைத் தெளிய வைத்தார்களே, அதே வேலைதான்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

விடிந்ததும் கிளம்பிவிட வேண்டும். மதியத்துக்கு மேல் எதிர்க்காற்று அடிக்கும். துடுப்புப் போட்டுப் போட்டுக் கை வலிக்குமே தவிர, படகு நகராது! இரண்டு பக்கமும் செக்கச் செவேலென்று மணற்கல் சுவர்கள். கரையில் நாரைகள் நிற்கும். 'போநாட்' வளைவு என்று ஓர் இடம். அங்கே ஆறு சுமார் 12 கிலோமீட்டர் சுற்றிவிட்டு, புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். நடுவில் இருப்பது அரை கிலோமீட்டர் கூட அகலமில்லாத ஒரு பாறை முதுகுதான்!

சாயங்காலம் மணல் திட்டில் கூடாரம். இங்கேதான் சட்டம் கண்டிப்பானது. அனுமதிச் சீட்டு வேண்டும். நெருப்பு மூட்டினால் இரும்புத் தட்டில்தான் மூட்ட வேண்டும். சாம்பலைக்கூட விட்டு வரக்கூடாது. அப்புறம்... கழிவறை! மூடியுள்ள ஒரு பெட்டியைக் கூடவே கொண்டு போய், எல்லாவற்றையும் திரும்ப எடுத்து வர வேண்டும். 'ஐயே' என்று மூக்கைப் பிடிக்காதீர்கள். அடுத்து வரும் குடும்பத்துக்கும் அந்த மணல் சுத்தமாக இருக்க வேண்டாமா?

ஒற்றைக் கை வீரர்

இந்தப் பள்ளத்தாக்குக்குப் பெயர் வைத்தவர் ஜான் வெஸ்லி பவல். போரில் வலது கையை இழந்தவர். 1869 மே 24 அன்று, 9 பேர், 4 படகுகளோடு கிரீன் ஆற்றில் கிளம்பினார். அந்த ஆறு சேரும் கொலராடோ ஆற்றின் பெரும் பள்ளத்தாக்கு எப்படி இருக்கும் என்று அப்போது யாருக்கும் சரியாகத் தெரியாது. வழியிலேயே ஒரு படகு உடைந்தது. மாவு நனைந்து பூசணம் பிடித்தது. மூன்று மாதம் கழித்து, ஆகஸ்ட் 30 அன்று பயணம் முடிந்தபோது கூட இருந்தவர்கள் ஐந்தே பேர். இன்று படகில் போகிறவர்கள் எல்லாப் பொருளையும் நீர் புகாத பையில் கட்டுவது சும்மா இல்லை!

மணல் தூங்குகிறது!

பாலைவனப் பயணிகள் முதலில் கற்கும் பாடம் எது தெரியுமா? காய்ந்த ஓடையின் வாயில் கூடாரம் போடாதே! தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கும். ஆனால், எங்கோ தூரத்தில் பெய்த மழை, வறண்ட ஓடை வழியாகத் திடீரென்று சுவர் போல வரும். ராத்திரி படகை மரத்தில் கட்டி வைப்பதும் ஆற்றில் நீர் ஏறலாம் என்பதால்தான்.

இந்தப் பாடம் நமக்கும் ரொம்ப அவசியம். ஆந்திராவில் உள்ள அம்மபள்ளி அணை நிரம்பி, உபரி நீரைத் திறந்தால், பள்ளிப்பட்டுப் பக்கம் கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வரும். தரைப்பாலங்கள் மூழ்கும். உங்கள் ஊரில் ஒரு சொட்டு மழை இல்லாவிட்டாலும் இது நடக்கலாம்! 2021 நவம்பரில் பூண்டி ஏரியின் உபரி நீர் இதே ஆற்றில் பாய்ந்து, தூரத்தில் உள்ள மணலி புதுநகர் வரை வெள்ளம் புகுந்தது. அதனால் மழைக்காலத்தில் காய்ந்த ஆற்று மணலில் விளையாடுவதும், நீர் ஓடும் தரைப்பாலத்தைக் கடப்பதும் கூடவே கூடாது. மணல் அள்ளிய குழிகளில் தேங்கிய நீர், பார்க்கச் சின்னதாக இருக்கும், ஆழம் தெரியாது. அதிலும் இறங்காதீர்கள்.

முதல் கூடாரவாசிகள்

நம் ஆற்றை லேசாக நினைத்துவிடாதீர்கள். பூண்டிக்கு அருகில், கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் அத்திரம்பாக்கம் என்று ஒரு கிராமம். அங்கே 1863ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்காலக் கருவிகளைக் கண்டெடுத்தார். பிறகு நடந்த அகழாய்வில் அங்கு கிடைத்த பழமையான கருவிகள், சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தையவை என்று 2011ல் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். கிரீன் ஆற்றில் படகுகள் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே, நம் ஆற்றோரம் ஆதிமனிதர்கள் தங்கிக் கல் செதுக்கியிருக்கிறார்கள்!

நீங்களும் கிளம்பலாம்!

படகு இல்லாவிட்டால் என்ன? லீவு நாளில் அப்பா, அம்மாவோடு ஆற்றைப் பின்தொடர்ந்து போங்கள். திருத்தணியில் நந்தியாறு. அடுத்து, 1944ல் கட்டி முடித்த பூண்டி ஏரி. 1996 முதல் கிருஷ்ணா நதியின் 'வெளியூர்த் தண்ணீர்' கால்வாய் வழியாக வந்து சேர்வதும் இங்கேதான். கடைசியில், எண்ணூரில் ஆறு கடலைத் தொடும் இடம். ஒவ்வோர் இடத்திலும் பாதுகாப்பான பாலத்தின் மேல் நின்று பார்த்து, நோட்டில் எழுதுங்கள்: இன்று என்ன தேதி? தண்ணீர் இருக்கிறதா? கலங்கலா, தெளிவா? மழைக்குப் பிறகு இன்னொரு முறை போய்ப் பார்த்து எழுதுங்கள்.

கூடவே நீச்சலும் கற்றுக்கொள்ளுங்கள். என்றைக்காவது ஒரு கயாக்கில் கால் நீட்டி உட்காரும்போது கைகொடுக்கும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: எந்த ஆற்றில் இறங்கும் முன்பும், 'இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?' என்று கேளுங்கள். சரியா, குட்டி நண்பர்களே?