எண்ணா, எழுத்தா?

5-உடன் 3-ஐக் கூட்டினால் எவ்வளவு? எட்டு என்பீர்கள். ஜாவாஸ்கிரிப்ட் என்னும் கணிப்பொறி மொழியில், 5-ஐ மேற்கோள் குறிகளுக்குள் எழுதிவிட்டால் விடை 53! மேற்கோளுக்குள் இருப்பது எண் அன்று, எழுத்து. அதனால் 3 அதன் பின்னால் ஒட்டிக் கொள்கிறது. வேடிக்கையைப் பாருங்கள்: அதே 5-லிருந்து 3-ஐக் கழித்தால் 2 என்று சரியாகவே வரும்.

இத்தகைய பிழைகளை, நிரல் ஓடும் முன்பே பிடிப்பதற்காக மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2012-இல் வெளியிட்ட மொழிதான் டைப்ஸ்கிரிப்ட். ஒவ்வொன்றும் எண்ணா, எழுத்தா என்று வகை குறித்துவிட்டால், பொருந்தாத இடத்தைக் கம்பைலர் சுட்டிக் காட்டும். சமன்பாட்டின் இருபுறமும் பரிமாணம் ஒத்திருக்கிறதா என்று நாம் பார்ப்பதில்லையா? அதைப் போன்றதே இது.

ஆனால் தகவல் வெளியிலிருந்து வந்தால்?

அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறை, உலகில் நிகழும் நிலநடுக்கங்களின் விவரங்களை இணையத்தில் தருகிறது. நம் நிரல் கேள்வி அனுப்பினால், அங்குள்ள நிரல் பதில் அனுப்பும். இரு நிரல்கள் பேசிக் கொள்ளும் இந்த வாயிலுக்கு ஏ.பி.ஐ. என்று பெயர். கேள்வியை முறையாக அமைத்து அனுப்பி, பதிலைப் பிரித்துத் தரும் ஆயத்த நிரல் தொகுதியே கிளையன்ட் லைப்ரரி. வரப்போகும் பதிலில் எது எந்த வகை என்பதும் அதில் எழுதப்பட்டிருக்கும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். டைப்ஸ்கிரிப்ட் நிரல், ஜாவாஸ்கிரிப்டாக மாற்றப்பட்ட பிறகே ஓடுகிறது. அம்மாற்றத்தில் வகைக் குறிப்புகள் யாவும் அழிந்து போகின்றன! நிலநடுக்கத்தின் அளவு ‘எண்’ என்று லைப்ரரி சொல்லியிருக்க, பதிலில் அந்த இடம் வெறுமையாக வந்தால் தடுப்பார் இல்லை. கூட்டும்போது ஜாவாஸ்கிரிப்ட் வெறுமையைச் சுழியாகக் கொள்ளும். சராசரி குறையும், நமக்குத் தெரியவே தெரியாது. ஆகவே, வந்த தகவலை நிரல் ஓடும்போதே வாயிலில் நிறுத்திச் சோதிக்க வேண்டும்.

அப்படிச் சோதித்தாலும் அலகு தப்பிவிடலாம். மேற்சொன்ன விவரத்தில் நேரம், 1970 ஜனவரி 1 முதல் கடந்த மில்லி வினாடிகளாகத் தரப்படுகிறது. அதை வினாடி என்று எண்ணிக் கணக்கிட்டால், நேற்றைய நிலநடுக்கம் ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்குப் பின் நிகழப் போவதாக விடை வரும்! இரண்டுமே எண்தான், டைப்ஸ்கிரிப்ட் வாய் திறக்காது. (விடைத்தாளில் அலகு எழுதாத மாணவர்களின் நினைவு எனக்கு வருகிறது.)

1999 செப்டம்பர் 23 அன்று நாசாவின் ‘மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்’ விண்கலம் செவ்வாயை அடைந்த வேளையில் தொலைந்தது. தரையில் ஒரு நிரல் பவுண்டு-விசை வினாடியில் தந்த எண்களை, மற்றொன்று நியூட்டன் வினாடி என்று எடுத்துக் கொண்டது. ஒரு பவுண்டு-விசை என்பது ஏறத்தாழ 4.45 நியூட்டன்.