பட்டு வண்டியில் ஒரு தூதர்

சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்பே சீனப் பேரரசரின் தூதராக ஒரு பெண் சென்றிருக்கிறார் என்றால் நம்புவீர்களா?

அவர் பெயர் ஃபெங் லியாவ். அப்போது சியோங்நு என்ற குதிரை வீரர்களின் தாக்குதலால் சீனாவின் ஹான் பேரரசு தவித்துக்கொண்டிருந்தது. அவர்களை எதிர்க்க மத்திய ஆசியாவின் புல்வெளியில் வாழ்ந்த வூசுன் மக்களின் நட்பு தேவைப்பட்டது. அதற்காக ஜியேயோவ் என்ற இளவரசியை வூசுன் அரசருக்கு மணமுடித்து அனுப்பினார்கள். அவருக்குத் தோழியாகப் போனவர்தான் ஃபெங் லியாவ்.

அந்த மண்ணின் பழக்கவழக்கங்களைக் கற்றார். வூசுன் தளபதி ஒருவரையே மணந்தார். பின்னாளில் அங்கே ஓர் இளவரசன் அரசரைக் கொன்று ஆட்சியைப் பிடித்தான். சீனப் படையும் எல்லையில் திரண்டது. அந்த நேரத்தில் அவனிடம் பேசி, பணிய வைத்தவர் ஃபெங் லியாவ்!

பேரரசர் அவரைத் தலைநகருக்கு வரவழைத்து விவரம் கேட்டார். பிறகு தம் பிரதிநிதியாகவே திருப்பி அனுப்பினார். பூவேலைப் பட்டால் அலங்கரித்த வண்டி, கையில் அரசாணைக் கோல் என்று அவர் கம்பீரமாகப் புறப்பட்டார்.

இளவரசியின் மகனுக்குப் பெரிய அரசர் பட்டம், கலகம் செய்தவனுக்குச் சிறிய அரசர் பட்டம் என்று முடிவானது. எல்லையில் திரண்ட சீனப் படை, போரிடாமலே திரும்பியது.