தொண்டரின் பழங்குற்றமும் அதனை வினவும் உரிமையும்

பிறர்க்கு உதவ ஊதியமின்றி முன்வருவானொருவனை, "நீ முன்னர்க் குற்றம் புரிந்ததுண்டோ?" என வினவுதல் முறையாகுமோ? இங்கிலாந்திலும் வேல்சிலும் அறநிலையங்கள் இவ்வினாவை எவரிடத்துக் கேட்கலாம், எவரிடத்துக் கேட்கலாகாது என்பதைச் சட்டமே வரையறுத்துள்ளது.

1974-ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி, தண்டனை பெற்றோன் குறித்த காலம் குற்றமின்றி வாழ்வானாயின், அது கழிந்த தண்டனையாகும். பொதுவாக அதனை அவன் பிறர்க்குக் கூறவேண்டுவதில்லை. மிகக் கொடிய குற்றங்கட்கு இச்சலுகை இன்று. சிறுவரையும் நலிந்தோரையும் பேணும் பணிகளிலோ, கழிந்தவற்றையும் வினவலாம். இதற்குத் தக்க காரணமுண்டு. 2002-இல் சோஹம் என்னும் ஊரில், பள்ளியொன்றின் பராமரிப்பாளன் பத்து வயதுச் சிறுமியர் இருவரைக் கொன்றான். அவனைப் பற்றி வேறொரு பகுதிப் போலீசாரிடம் முன்னரே பல புகார்கள் எழுந்திருந்தும், அவை அவனை வேலைக்கமர்த்தினோர்க்கு எட்டவில்லையென்பது 2004-இல் வெளிவந்த பிச்சார்டு விசாரணை அறிக்கையால் விளங்கிற்று.

எனினும் அச்சம் அளவு கடத்தலும் தீதே. பதினொரு வயதில் இரு சைக்கிள்களைத் திருடியதாகப் போலீசாரின் எச்சரிக்கை பெற்ற சிறுவனொருவன், பதினேழு வயதிற் கால்பந்துக் கழகமொன்றில் பகுதிநேர வேலைக்கும், பத்தொன்பதில் விளையாட்டுக் கல்விக்கும் விண்ணப்பித்தபோது அவ்வெச்சரிக்கை மீண்டும் தலைகாட்டிற்று. அவன் வழக்காடினான். எல்லாவற்றையும் வேறுபாடின்றி வெளியிடுதல் தனிவாழ்வுரிமைக்கு முரணென உயர்நீதிமன்றத்துக்கும் மேலான உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. சிறுவர் பெற்ற எச்சரிக்கைகள் தாமாகவே சான்றிதழில் இடம்பெறும் வழக்கம் 2020 நவம்பரில் ஒழிந்தது. இத்துணைக் காலம் கடந்ததே எமக்கு வியப்பு!

சான்றிதழ் வழங்குவது, 2012-இல் அமைந்த டி. பி. எஸ். என்னும் அரசாங்க நிலையம். தொண்டர்க்கு இதற்குக் கட்டணமில்லை. சான்றிதழ் தொண்டரிடமே செல்லும். அவரே அதனை நிலையத்தார்க்குக் காட்டுவர். அறநிலையக் கடையிற் பழந்துணி விற்பாரிடம், குழந்தைகளைப் பேணுவார்க்குரிய விரிந்த சோதனையைக் கேட்டல் சட்டவிரோதம். "எதற்கும் இருக்கட்டும்" என எல்லாரையும் சோதித்தல் காப்பன்று, சோம்பலேயாம்.

கண்ட செய்தியைத் தொடர்பில்லாதார்க்குக் கூறுதல் குற்றமாகும். சான்றிதழின் படியைப் பொதுவாக ஆறு திங்களுக்கு மேல் வைத்திருத்தலாகாது. அதன்பின் அதனை அழித்து, சான்றிதழின் எண், தேதி, செய்த முடிவு ஆகியவற்றை மாத்திரம் குறித்துக்கொள்ளலாம்.